நோயாளி இல்லாத ஒரு மணி நேரம்

பள்ளிகொண்டாக்காரர்களுக்கு பாகாயம் தெரியும். 1957-லிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் அங்கே இயங்குகிறது. நோயாளியோடு வீட்டாரும் தங்குவது அதன் வழக்கம். அப்படி வீடே எதிரில் உட்காரும்போது, பயிற்சியிலிருக்கும் ஆலோசகர் அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். அதைப் பிடிப்பதுதான் மேற்பார்வை.

நோயாளி இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சி ஆலோசகர் நடந்ததைச் சொல்கிறார்: “ஷூ கம்பெனிக்குப் போற அந்தப் பொண்ணு அழுதாங்க மேடம், உடனே தைரியம் சொன்னேன்.” மேற்பார்க்கும் மூத்தவர் கடிந்துகொள்வதில்லை. “அழுகையைத் தாங்க முடியாதது அவங்களுக்கா, உனக்காம்மா?” என்கிறார். என்ன அருமையான கேள்வி! பதில் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு கேஸுக்குத்தான் உதவியிருக்கும்.

உயிருக்கு ஆபத்து என்ற சாடை தெரிந்தால் மட்டும் இந்த நிதானம் கிடையாது. மூத்தவரே நேரில் இறங்கிவிடுவார்.