கையோடு எடுத்துப் போக முடியாதவை

புதிய மென்பொருளைத் தொடங்கும் குழு எந்த மொழியில் எழுதுவது, எந்தத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவது என்று நாள்கணக்கில் விவாதிக்கும். நிரலை எங்கே வைப்பது என்பதற்கு மட்டும் விவாதமே நடப்பதில்லை. எல்லோரும் கிட்ஹப்பில் இருக்கிறார்கள், நாமும் அங்கேயே வைப்போம் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலையைத்தான் யாரும் கணக்கிடுவதில்லை.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். 2008இல் கிட்ஹப் வருவதற்கு முன், பல கட்டற்ற மென்பொருள்களில் பிழை கண்ட வெளியாள் ஒருவர் அஞ்சல் குழுவில் சேர்ந்து, பேட்ச் தயாரித்து அனுப்பிவிட்டு, யாராவது கவனிப்பார்களா என்று காத்திருக்க வேண்டும். ஃபோர்க்கும் புல் ரிக்வெஸ்ட்டும் அந்தத் தயக்கத்தைப் போக்கின. யாரிடமும் அனுமதி கேட்காமல் நகலெடுத்துத் திருத்தலாம், பிறகு சேர்த்துக்கொள்ளும்படி கேட்கலாம். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நிரலகம் அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் கல்லூரி மாணவர் அதில் ஒரு வரியைத் திருத்தப் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஆள்பலம் இல்லாத சிறு திட்டங்களுக்கு இது உயிர்நாடி. மூடிய களஞ்சியங்களும் 2020 முதல் ஆள் வரம்பின்றி இலவசம்.

இனி விலைக்கு வருவோம். கிட்ஹப்புக்கு அடிப்படையான, 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், ஒவ்வொரு நகலிலும் முழு வரலாற்றையும் வைத்திருக்கிறது. அதனால் தளம் நாளையே மூடினாலும் நமக்கு நட்டமில்லை என்று நிம்மதியாக இருக்கிறோம். நிரலைப் பொறுத்தவரை அந்த நிம்மதி சரிதான். ஆனால் பயனர்கள் பதிந்த இஷ்யூக்கள், புல் ரிக்வெஸ்ட்டில் நடந்த மறுஆய்வு, இந்த வரியை ஏன் இப்படி எழுதினோம் என்ற வாக்குவாதம் எல்லாம் தளத்தின் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. குளோன் செய்தால் அவை கூட வருவதில்லை. பல திட்டங்களில் நிரலைவிட மதிப்புள்ளவை அவைதான். நிரலைத் திரும்ப எழுதிவிடலாம். ஒரு வழி ஏன் கைவிடப்பட்டது என்பதை யாரிடம் போய்க் கேட்பது?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் தளத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. ஊழியர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். காப்புநகலுக்கென வைத்திருந்த ஐந்து ஏற்பாடுகளில் ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த, சுமார் ஆறு மணி நேரம் பழைய நகலிலிருந்து மீட்டார்கள். கிட் களஞ்சியங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. போனவை தரவுத்தளத்தில் இருந்த இஷ்யூக்கள், கருத்துகள் போன்றவைதான். நடந்ததை ஒளிக்காமல் உடனுக்குடன் வெளியிட்ட அந்த நிறுவனத்தின் நேர்மையை மதிக்கிறேன்.

பெரிய நிறுவனம் என்பதால் தளம் நிலைக்கும் என்ற நம்பிக்கைக்கும் வரலாறு இடம் தரவில்லை. 2006இல் தொடங்கிய கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. ஒருகாலத்தில் கட்டற்ற மென்பொருளின் தலைநகராக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2015இல் பட மென்பொருளான கிம்ப்பின் விண்டோஸ் நிறுவியோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துக் கொடுத்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டது.

தளம் நன்றாக நடந்தாலும் அதன்மீது அரசுகளின் பிடி உண்டு. 2014 டிசம்பரில் இந்திய அரசு முடக்கிய தளங்களில் கிட்ஹப்பும் ஒன்று. மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு அதை வாங்கிய மறு ஆண்டு, 2019இல், அமெரிக்கத் தடைச் சட்டத்தால் ஈரான், சிரியா, கிரிமியா நிரலாளர்களின் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. ஈரானுக்காக உரிமம் கேட்டு 2021இல் பெற்றுத் தந்ததும் அதே கிட்ஹப்தான். ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் அந்த நிரலாளர்கள் செய்த குற்றம் அவர்கள் வாழும் இடம் மட்டுமே.

அப்படியென்றால் சொந்தமாக ஒரு சர்வரில் வைத்துக்கொள்ளலாமா? டெபியன், க்னோம் போன்ற பெரிய கட்டற்ற திட்டங்கள் கிட்லேப் மென்பொருளைத் தாங்களே நடத்துகின்றன. அவர்களிடம் அதற்கு ஆள் இருக்கிறது. மூன்று பேர் கொண்ட குழுவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பாதுகாப்புத் திருத்தம் போட மறந்த சொந்த சர்வர், அந்நியரின் தளத்தைவிட ஆபத்தானது. பெர்லினில் பதிவான லாபநோக்கற்ற சங்கம் நடத்தும் கோட்பெர்க் நடுவழியாகத் தெரிகிறது. அதை இயக்கும் ஃபோர்ஜேஜோ, கிட்ஹப்பிலிருந்து இஷ்யூக்களையும் கருத்துகளையும் இழுத்துவரும்; ஆனால் எழுதியவர்கள் வெறும் பெயர்களாகத்தான் வருவார்கள், கணக்கோடு இணைந்தவர்களாக அல்ல. கூட்டமும் அங்கே குறைவு. கட்டற்ற உரிமம் இல்லாத வணிக நிரலுக்கு அங்கே இடமில்லை.

ஆகவே பங்களிப்பாளர்கள் தேவைப்படும் திட்டம் கிட்ஹப்பில் இருப்பதை நான் குறை சொல்லவில்லை. காரணங்களையும் அங்கேயே அடகு வைப்பதைத்தான் குறை சொல்கிறேன். லினக்ஸ் கெர்னல் குழுவினர் ஒரு மாற்றம் ஏன் தேவை என்பதைக் கமிட் செய்தியிலேயே விரிவாக எழுதுகிறார்கள். அவர்களின் மறுஆய்வு மடல்கள்கூட கிட் களஞ்சியங்களாகச் சேமிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் குளோன் செய்துகொள்ளும்படி இருக்கின்றன. புதியவர்களுக்கு அந்த மடல் முறை கரடுமுரடானது. அதை அப்படியே எல்லோரும் பின்பற்ற முடியாது. ஆனால் புல் ரிக்வெஸ்ட்டில் எட்டிய முடிவை நான்கு வரியில் கமிட் செய்தியில் எழுதிவிட்டு மெர்ஜ் பொத்தானை அழுத்துவதற்கு எந்தத் தளத்திலும் தடையில்லை.