பத்திரிகையின் உடைமையும் வாசகரின் தெரிவும்

கோபன்ஹேகனுக்கு மேற்கே, அந்நகரை ஒட்டியே கிடக்கும் ஹ்விடோவ்ரேயில் வசிக்கும் ஒருவர் தினசரி ஒன்றுக்குச் சந்தா கட்ட விரும்பினால், 1749-இல் தோன்றிய 'பெர்லிங்ஸ்கே', 1871-இல் தோன்றிய 'யூலன்ஸ்-போஸ்டென்', 1884-இல் தோன்றிய 'பொலிட்டிகென்' என்னும் மூன்று பழம்பெரும் ஏடுகள் அவர்முன் நிற்கின்றன. ஆயின் பின்னிரண்டும் 2003 முதல் ஒரே ஸ்தாபனத்தின் உடைமை. முதலாவதோ 2000-க்குப் பின் நார்வே, பிரிட்டன், பெல்ஜியம் என்று கைமாறி, 2024-இல் மறுபடியும் ஒரு நார்வே நிறுவனத்தையே சேர்ந்தது.

முற்காலத்தில் டென்மார்க்கின் மாகாண நகரங்களில் நான்கு கட்சிகளுக்கு நான்கு பத்திரிகைகள் இருந்தன. கட்சிக்குப் பாதகமான செய்தியை அடக்கி வாசிப்பது அம்முறையின் பெருங்குறை. எனினும், தாம் யாருடைய குரலைக் கேட்கிறோம் என்பதை வாசகர் ஐயமின்றி அறிந்திருந்தார் என்பதை நான் சிறிய நன்மையாகக் கருதவில்லை. சமூக ஜனநாயகக் கட்சி நெடுங்காலம் வேரூன்றிய ஹ்விடோவ்ரே போன்ற தொழிலாளர் ஊர்களை நம்பி நடந்த 'அக்துவெல்ட்' நாளேடு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரைக் கொண்ட தொழிற்சங்க இயக்கத்தின் உடைமையாக இருந்தும் 2001-இல் நின்றுபோயிற்று; சங்கத்துக்குச் சந்தா செலுத்திய கை, பத்திரிகைக்கும் செலுத்த இசையவில்லை. உடைமையாளரிடத்துள்ள விசுவாசம் மட்டும் வாசகரைக் கட்டி நிறுத்தாது.

'யூலன்ஸ்-போஸ்டென்', 'பொலிட்டிகென்' இரண்டையும் உடைய இன்றைய கூட்டு ஸ்தாபனம் இரண்டு அறக்கட்டளைகளுக்குச் சொந்தமானது. ஆசிரியர்களின் சுதந்திரத்துக்கு அது அளிக்கும் அரண் மெய்யானதே. 2005 செப்டம்பர் 30-இல் நபிகள் நாயகத்தைப் பற்றிய 12 கேலிச் சித்திரங்களை 'யூலன்ஸ்-போஸ்டென்' வெளியிட்டது. அச்சித்திரங்களால் புண்பட்டோரிடம், தான் அவற்றுள் ஒன்றை மறுபடி அச்சிட்டதன்பொருட்டு, 2010-இல் 'பொலிட்டிகென்' வருத்தம் தெரிவித்தது. அதனைச் சகோதர ஏடே கண்டித்தது. ஒரே கூரையின்கீழ் இத்தகைய அபிப்பிராய பேதம் நிலைப்பது பாராட்டத்தக்கது. ஆனால் சினங்கொண்டு ஒன்றை நிறுத்தி மற்றொன்றை வாங்கும் வாசகரின் பணம் அதே கருவூலத்தையே சென்றடைகிறது என்பதையும் மறத்தற்கில்லை. அவர் தமது எதிர்ப்பாக எண்ணியது, உடைமையாளருக்கு எவ்வித நஷ்டத்தையும் உண்டாக்குவதில்லை.

தமிழ்நாட்டில் 'முரசொலி' யாருடையது என்று எவரும் வினவுவதில்லை. 'தினகரன்' 2005-இல் சன் குழுமத்தை அடைந்தபோதோ பெயர் மாறவில்லை, விலை ஒரு ரூபாயாகக் குறைந்தது, வாசகர் பெருகினர். அவர்களை ஈர்த்தது உடைமையைப் பற்றிய அறிவு அன்று, கைக்கு எட்டிய விலையே. ஏழை வாசகரை இதற்காக நான் குறைகூற மாட்டேன். குறை, உடைமையை அறிவிக்கும் முறையில் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு செய்தித்தாள் பதிவு விதிகளுக்கு இணங்க, ஆண்டுதோறும் பிப்ரவரி கழிந்ததும் நம் ஏடுகள் உடைமையாளரின் பெயரை அச்சிட்டு வந்தன. ஆனால் அது உட்பக்கமொன்றின் மூலையில், பொடி எழுத்துக்களில், ஏல அறிவிப்புகளுக்கு நடுவே கிடந்தது. அதைப் பத்திரிகையின் பெயருக்கு நேர்கீழே, ஒவ்வொரு நாளும் அச்சிட வேண்டும் என்பதே என் கோரிக்கை.