கலைக்கல்வி யாருக்குரியது?

இலக்கியமும் சரித்திரமும் தத்துவமும் கற்பதனால் ஆவதென்ன என்று வினவுவோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உள்ள பெற்றோர் தம் மக்களை மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் கணக்கராகவும் காண விழைகின்றனர், அதிற் குற்றமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பால்மரத்தடியில் வறுமையை அறிந்த சமூகம் ஊதியத்தைக் கருதாதிருத்தல் இயலாது. ஆயினும், ஊதியந் தரும் கல்வியே கல்வி, ஏனையவை செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று முடிவுகட்டுவது நம் சொந்தச் சரித்திரத்திற்கே முரணாகும்.

1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தை நோக்குக. தமிழ் நேசன் ஏட்டிற் பணியாற்றிய ஆர். எச். நாதன் முதலியோர் அதில் முன்னின்றனர். தொழிலாளர் சீனருக்கு நிகரான கூலி கேட்டனர்; அவ்வளவில் நின்றாரில்லை. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும், துரை எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் சிறைப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

சைக்கிளைவிட்டு இறங்காமையால் கூலி ஒரு காசும் உயராது. எனினும் அக்கோரிக்கை கூலிக் கோரிக்கையோடு ஒரே வரிசையில் நின்றது. வயிறு வேறு, மானம் வேறு என்று அவர்கள் பிரித்தாரில்லை. வழக்கம் என்று பிறர் சொன்னதை அநீதி என்று பெயரிட்டுரைக்கும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. அவ்வாற்றலை முறையாக வளர்ப்பதே கலைக்கல்வியின் தொழில் என்க. இயந்திரத்தை இயக்கக் கற்பிக்கும் கல்வி, அவ்வியந்திரம் யாருக்காக இயங்குகிறது என்று கேட்கக் கற்பிப்பதில்லை.

நிற்க. தொழிலாள மக்கள் இக்கல்வியை மதித்தனர் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1949-இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைக்கும் முயற்சி எழுந்தபோது, அதில் முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்ற வாதமும் உடன் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு அமையாது, துறையின் தமிழ் நூலகத்திற்கெனத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியையும் திரட்டினார். துறை 1956-இல் அமைந்தது. பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்தது. அந்நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் கொடுத்தனர். தாம் ஒருநாளும் காலடி வைக்கப்போகாத நூலகத்திற்கு, பால்வெட்டிப் பெற்ற கூலியிலிருந்து கொடுத்தனர்! கலைக்கல்வி செல்வரின் ஆடம்பரம் என்போர் இக்கொடைக்கு என்ன விடை கூறுவர்?

இனி, கலைக்கல்வியின் நண்பர் என்று வருவோரிலும் ஒரு சாரார் உளர். நம் மொழி மூத்தது, நம் முன்னோர் பெரியர் என்று முழங்குவதே அக்கல்வியின் பயன் என்பர் இவர். பகைவரினும் இந்நண்பரே மிகுந்த தீங்கு செய்கின்றனர் என்பது நம் துணிபு. புகழ்வது வேறு, ஆராய்வது வேறு. 1961-இல் கோலாலம்பூரில் அத்துறைப் பணியேற்ற தனிநாயகம் அடிகள் இவ்வேற்றுமையை நன்குணர்ந்தவர். அவர் முன்னின்று நடத்திய முதலாம் உலகத் தமிழ் மாநாடு 1966 ஏப்ரலில் அந்நகரில் கூடியபோது, பல நாட்டறிஞர் ஆராய்ச்சிக் கட்டுரை படித்து வாதித்தனர். பிறர் தடுத்து வினவ இடந்தரும் அறிவே அறிவு. சாதியையும் பெண்ணடிமையையும் பழமையின் பெயரால் காக்கும் படிப்பு, படிப்பாகாது.

ஆதலின் பெற்றோரே, மகன் கணக்கியல் கற்கட்டும். மகள் மருத்துவம் கற்கட்டும். அவர்தம் கையில் ஒரு சரித்திர நூலையும் ஓர் இலக்கிய நூலையும் சேர்த்தே கொடுங்கள். இலக்கியமோ சரித்திரமோ கற்க விரும்பும் பிள்ளையை வீணன் என்று இகழாதீர். பயன் என்னவென்று கேளுங்கள். ஆனால் யாருக்குப் பயன் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தெரிந்த மக்களைத் துரைத்தனம் எதுவும் நெடுநாள் தலைகுனிய வைத்திருக்க முடியாது.