தேதியை மாற்றினால் பக்கம் புதிதாகுமா?

எஸ்.இ.ஓ. ஆலோசகர்கள் எல்லாரும் சொல்கிற ஒரு பாடம் உண்டு. புதுசா நூறு பக்கம் எழுதி மாளாதீங்க, தளத்தில் ஏற்கெனவே இருக்கிற பழைய பக்கங்களைத் தூசி தட்டுங்க, கூகுளில் மேலே வரும். மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. எழுதினதைத் திரும்பப் படித்துத் திருத்துவது நல்ல பழக்கம்தானே. ஆனால் இந்த வழிகாட்டிகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்ததில், "திருத்து" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று சேராத வேலைகளை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. உடைந்த லிங்க்கைச் சரிசெய்வதும் திருத்தம், தேதியை மட்டும் மாற்றுவதும் திருத்தம், இருந்ததை முழுக்க அழித்து அதே இடத்தில் வேறொன்றை எழுதுவதும் திருத்தம். கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

முதலில் இந்த ஆலோசனை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். சில தேடல்களுக்குப் புது விடை வேண்டும், சிலவற்றுக்கு வேண்டாம், எது எது என்பதை நிரலே கணிக்க வேண்டும் என்ற ஏற்பாடு கூகுளில் இருப்பது 2007-இல் வெளியே தெரிந்தது. அமித் சிங்கால் தேடல் பிரிவில் இருந்த காலம். தேர்தல் முடிவைத் தேடுகிறவருக்கு இன்றைய பக்கம் வேண்டும். ரசம் வைப்பது எப்படி என்று தேடுகிறவருக்குப் பத்து வருஷப் பழைய பக்கமே போதும். ரசம் அப்படியேதான் இருக்கிறது. 2011 நவம்பரில் இதை விரிவாக்கியபோது சுமார் 35 சதவீதத் தேடல்களை இது தொடும் என்றது கூகுள். கண்ணுக்குத் தெரிகிற அளவு மாற்றம் 6 முதல் 10 சதவீதத்தில்தான் என்றும் விளக்கியது. ஆலோசகர்கள் கையில் தங்கியது 35 மட்டும்தான். "சில தேடல்களுக்கு" என்ற நிபந்தனை வழியிலேயே உதிர்ந்துபோய், "கூகுளுக்குப் புதுசுதான் பிடிக்கும்" என்று பாடம் சுருங்கிவிட்டது.

அடுத்து எல்லாரும் எடுத்துக்காட்டுவது ஹப்ஸ்பாட் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட அனுபவக் குறிப்பு. தங்கள் வலைப்பதிவின் மாதப் பார்வைகளில் 76 சதவீதம் பழைய பதிவுகளுக்கே வருகிறது என்று கண்டார்கள். அவற்றில் சிலவற்றைத் திருத்தினார்கள். திருத்தியவற்றுக்குத் தேடல் வழியே வரும் பார்வை சராசரியாக 106 சதவீதம் கூடியது என்றார்கள். எண்ணை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இது அவர்களே பொறுக்கி எடுத்த பதிவுகளின் சராசரி. அதே மாதிரியான பதிவுகளைத் தொடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஒப்பீடு இல்லாமல் 106-க்கு என்ன அர்த்தம் என்று சொல்வது கஷ்டம். மருந்து குடித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, குடிக்காதவர்களை எண்ணாமல் விட்ட கணக்கு அது. மார்க்கெட்டிங் மென்பொருள் விற்கிற கம்பெனி தன் அனுபவத்தை எழுதுவதில் தப்பே இல்லை. அதை இயற்பியல் விதி மாதிரி ஆக்கியது மற்றவர்கள்.

சரி, வேஷம் போடுகிற திருத்தத்துக்கு வருவோம். உள்ளே ஒரு வரி மாறியிருக்காது, மேலே தேதி மட்டும் இன்றைக்கு இருக்கும். டைட்டிலில் 2023 இருந்த இடத்தில் 2025. உள்ளடக்கம் பெரிதாக மாறாமலே புதிதாகக் காட்டுவதற்காகத் தேதியை மாற்றுகிறீர்களா என்று கூகுளின் சொந்த வழிகாட்டியே நேராகக் கேட்கிறது. வார்த்தை எண்ணிக்கைக்காக எழுதுகிறீர்களா, அப்படி எங்களுக்குப் பிடித்த எண்ணிக்கை எதுவும் கிடையாது என்றும் அதே பக்கத்தில் சொல்கிறது. சைட்மேப்பில் தருகிற கடைசித் திருத்தத் தேதியைப் பற்றி 2023-இல் எழுதியபோதும், பக்கத்தின் அடியிலுள்ள காப்புரிமை ஆண்டை மாற்றுவதெல்லாம் திருத்தத்தில் சேராது என்றார்கள். இவ்வளவு சொல்லியும் ஏன் நிற்கவில்லை என்றால், நிரல் ஏமாறுகிறதோ இல்லையோ, முடிவுப் பட்டியலில் "2025" என்று பார்க்கிற மனிதர் அதைத்தான் கிளிக் செய்கிறார்.

எல்லாருக்கும் தெரிந்த உதாரணம், வருமான வரி. புதிய வரிமுறையில் 87ஏ தள்ளுபடியால் சாதாரண வருமானத்துக்கு வரி கட்டத் தேவையில்லாத வரம்பு 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் 7 லட்சம் ரூபாய். 2025 பட்ஜெட் அதை 2025-26-இலிருந்து 12 லட்சமாக்கியது. டைட்டிலை 2025-26 என்று மாற்றிவிட்டு உள்ளே 7 லட்சத்தையே வைத்திருக்கிற பக்கம் பொய் சொல்கிறது. இது சுலபமான கேஸ்.

இப்போது நேர்மையான ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பொறுமையாக உட்கார்ந்து 7 எல்லாவற்றையும் 12 ஆக்குகிறார். சம்பளக்காரர்களின் நிலையான கழிவு 50,000 என்றிருந்ததை 75,000 ஆக்குகிறார். உதாரணக் கணக்குகளையும் புதிதாகப் போடுகிறார். எஸ்.இ.ஓ. பாடப்படி நூற்றுக்கு நூறு. ஆனால் 2023-24 கணக்கு சம்பந்தமாக நோட்டீஸ் வந்து, அந்த வருஷத்து விதி என்ன என்று தேடிக்கொண்டு ஒருவர் அங்கே வந்தால்? அவருக்கு வேண்டிய பக்கம் நேற்று வரை இருந்தது. இன்று அதே முகவரியில் அவருக்குத் தப்பான விடை இருக்கிறது. பழைய பக்கத்தைக் "காலாவதியானது" என்று வகைப்படுத்தியதில்தான் கோளாறு. அது 2023-24-ஐப் பற்றிய சரியான பக்கம். இன்னும் பத்து வருஷம் கழித்தும் 2023-24-க்கு அதுதான் சரி.

அப்படியானால் புது ஆண்டுக்குப் புதுப் பக்கம் எழுதாமல் ஏன் பழையதின் மேலேயே எழுதுகிறார்கள்? பதில் 1998-இல் இருக்கிறது. அந்த ஆண்டு பிரின், பேஜ் இருவரும் விவரித்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்துக்கு மற்றவர்கள் கொடுக்கிற லிங்க்குகள் அதன் மதிப்பாகச் சேர்கின்றன. சேர்வது முகவரியின் கணக்கில். புது முகவரி என்றால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கணும். அதனால்தான் "யு.ஆர்.எல்.லில் ஆண்டைப் போடாதீங்க, வருஷா வருஷம் அதையே ஓட்டலாம்" என்கிற அறிவுரை. அதே 1998-இல் டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறக்கூடாது என்று ஒரு குறிப்பு எழுதினார். எஸ்.இ.ஓ. உலகம் அவர் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்கிறது: முகவரியைத் தொடுவதே இல்லை, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதிய தேதியை முகவரியில் சேர்ப்பது நல்லது என்றும் அவர் அதே குறிப்பில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

பேர் போன மெஸ் ஒன்றைப் போர்டோடு வாங்கி, மாஸ்டரை மட்டும் மாற்றுவது மாதிரிதான் இது. வாசலில் நிற்கிற கூட்டம் பழைய மாஸ்டருக்காக வந்த கூட்டம். என்னுடைய ஒரு கட்டுரையிலிருந்து ஒரு பக்கத்துக்கு நான் லிங்க் கொடுத்தால், அன்றைக்கு அங்கே படித்ததற்குத்தான் கொடுக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அங்கே என்ன இருந்தாலும் என் பெயரில் சிபாரிசு ஓடிக்கொண்டிருக்கும்.

2023 ஆகஸ்டில் சிநெட் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கியது பெரிய செய்தியானது. பழையதைக் கழித்தால் மீதி மேலே வரும் என்பது கணக்கு. பழையது என்பதற்காகவே எங்களுக்குப் பிடிக்காது என்பதெல்லாம் கிடையாது என்று கூகுள் தரப்பு பொதுவெளியில் மறுத்தது. அப்போது எல்லாரும் சிநெட்டைத் திட்டினார்கள், நியாயம்தான். ஆனால் நீக்குவதற்கு முன் வேபேக் மெஷினில் பிரதி சேமிப்போம் என்றாவது அவர்கள் சொன்னார்கள். நீக்கிய பக்கத்தைத் தேடிப்போனால் இல்லை என்பதாவது தெரியும். மேலெழுதிய பக்கத்தில் 404 கூட வராது. போனதே தெரியாமல் போகிறது. கூகுளும் 2024 தொடக்கத்தில் தன் பழைய "கேஷ்" லிங்க்கை எடுத்துவிட்டது.

தமிழில் இது இன்னும் உறைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு விஷயத்துக்கு நூறு பக்கம் இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று. தமிழில் பல விஷயங்களுக்கு உருப்படியான பக்கம் ஒன்றோ இரண்டோதான். அதை மேலெழுதினால் அந்த விஷயமே போச்சு.

நல்ல திருத்தம் எப்படி இருக்கும் என்பதற்கும் தமிழிலேயே உதாரணம் இருக்கிறது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆரம்பத்தில் நூல்களைத் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் வெளியிட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஏதோ ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். யுனிகோடில் தமிழைத் தட்டித் தேடினால் கிடைக்காது. பிறகு யுனிகோடுக்கு மாற்றினார்கள். நூலில் ஒரு எழுத்து மாறவில்லை, ஆனால் யார் வேண்டுமானாலும் தேடி எடுக்க முடிந்தது. தேடலில் மேலே வருவதற்காகச் செய்த வேலைகளில் இதைவிடப் பெரியது தமிழ் இணையத்தில் நடந்திருக்கிறதா என்று தெரியவில்லை. இதை யாரும் எஸ்.இ.ஓ. என்று கூப்பிடுவதும் இல்லை.

இதற்கு நேர் எதிர், குறிச்சொல் எண்ணுகிற கருவிகளுக்காகத் தமிழை வளைப்பது. இந்தக் கருவிகளில் பல, எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் எண்ணும். "வீடு" என்று கொடுத்தால் வீட்டில், வீட்டுக்கு, வீட்டை எதுவும் கணக்கில் வராது. பச்சை விளக்கு எரியணும் என்பதற்காக வேற்றுமை உருபையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, "வீடு கடன் வாங்குவது எப்படி, வீடு கடன் வாங்க என்ன தேவை" என்று பத்திக்குப் பத்தி எழுதுகிறார்கள். நல்லாயிருந்த "வீட்டுக் கடன்" இப்படித்தான் நாசமாகிறது. இதற்கும் "பக்கத்தை மேம்படுத்துதல்" என்றுதான் பெயர்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தீர்த்து முடித்த பிரச்சினை. கிட்டில் ஒரு வரியை மாற்றினால் பழைய வரி வரலாற்றில் இருக்கும், யார் எப்போது மாற்றியது என்பதும் இருக்கும். விக்கிப்பீடியாவில் "வரலாறு" பொத்தானை அழுத்தினால் எந்தத் தேதியில் பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்கலாம், தேடலில் அது ஒன்றும் கீழே போய்விடவில்லை. சாதாரணத் தளத்துக்கு அவ்வளவுகூட வேண்டாம். வரிப் பக்கம் என்றால் ஆண்டுக்கு ஒரு முகவரி, ஒவ்வொன்றின் தலையிலும் மற்ற ஆண்டுகளுக்கு லிங்க். மாறாத விஷயம் என்றால் அடியில் ஒரு வரி: இந்தத் தேதியில் இதை மாற்றினேன், முன்பு இப்படி இருந்தது. வெளியிட்ட தேதி, திருத்திய தேதி இரண்டையும் தனித்தனியாகத் தர கூகுளின் வடிவத்திலேயே இடம் இருக்கிறது. பல தீம்கள் இரண்டாவதை மட்டும் காட்டிவிட்டு முதலாவதை மறைக்கின்றன. செட்டிங்கில் ஒரு டிக், அதை எடுத்துவிட்டால் போதும்.