உண்ணிக்குச்சியில் ஒரு கோடு

முதுமலையின் தெப்பக்காடு யானை முகாமில் ராகிக்களி உருண்டைக்குக் காத்து நிற்கும் யானையைப் பக்கவாட்டில் பாருங்கள். நெற்றி மேட்டில் தொடங்கும் கோடு கழுத்தில் சற்றுத் தாழ்ந்து, முதுகில் வில்லாக எழுந்து, வாலடியில் சரிந்து இறங்கும். ஆப்பிரிக்க யானைக்கு அந்த முதுகு குழிந்திருக்கும். கோடு பிசகினால் நம் ஊர் யானை இல்லை. ரொம்பப் பிசகினால் பன்றி.

கூடலூர் வட்டாரத்தில் உண்ணிச்செடிக் குச்சியால் யானை செய்யும் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைகளுக்கு அந்தக் கோடு பிடிபட்டிருக்கிறது. உண்ணி என்பது லண்டானாதான். அழகுக்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி. இன்று முதுமலையில் புல்லை முளைக்கவிடாமல் மூடிக் கிடக்கிறது. யானை அதைத் தின்னாது.

குச்சி யானைகளுக்கு இந்த வட்டாரத்தில் உண்மையில் நடமாடும் யானைகள்தான் மாதிரி. ஓவியர் சுப்ரா நாயர் அவற்றை வரைகிறார். படத்தின் அளவு நிஜ யானையின் அளவுக்கு வளர்கிறது. இரும்புக் கம்பியை வளைத்துப் பற்றவைத்துக் கூடு கட்டுகிறார்கள். தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, இளக்கம் போவதற்குள் கூட்டின்மேல் வளைத்துப் பொருத்துகிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். தாளில் காது ஒரு வளைகோடு. கூட்டில் அதற்கு மடிப்பும் பின்புறமும் வேண்டும். அடிவயிறு, தொடையின் உட்பக்கம் இவற்றை எந்தப் புகைப்படமும் சரியாகக் காட்டாது. அங்கே வரைபடம் கையை விட்டுவிடுகிறது. யானை போகும் தடத்திலேயே நடந்து வளர்ந்த கண்தான் மிச்சத்தை முடிக்கிறது. ரோஸ்வுட் யானையை இழைத்து இழைத்து வழவழப்பாக்குவார்கள். இதில் ஒவ்வொரு குச்சியும் பென்சில் இழுப்புபோலத் தனித்தே நிற்கிறது. கிட்டே போனால் விறகு, பத்தடி தள்ளி நின்றால் தோல் சுருக்கம்.

2021இல் இந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட்டில் இறங்கி, நியூயார்க், மயாமி கடற்கரை என்று பயணம் போயின. போன இடமெல்லாம் படங்கள். கூட்டத்தோடு நேர்முகமாக எடுத்தவை எனக்கு ருசிப்பதில்லை. அவற்றில் யானை வெறும் பொம்மை. சாய்வெயிலில், பின்னங்கால் பக்கமிருந்து எடுத்த படத்தில்தான் குச்சிகளின் இடைவெளியில் வெளிச்சம் புகுந்து, சுப்ராவின் கோடு திரும்பவும் தெரிகிறது.

அந்தப் படங்களை மட்டும் பார்த்தவர்கள் ஒருமுறை தெப்பக்காட்டுக்கு உருண்டை கொடுக்கும் நேரத்தில் வாருங்கள். முதலில் முதுகைப் பாருங்கள். படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.