ஜனவரி 26: ஒரு தேதி, இரண்டு படங்கள்

2016 ஜனவரி 26 அன்று இந்தியாவில் கூகுளைத் திறந்தவர்கள் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டகப் பிரிவு அணிவகுத்து வருவதைக் கண்டார்கள். குடியரசு நாளுக்கான டூடுல் அது, அதாவது கூகுள் முகப்பில் தன் பெயரெழுத்துகளை மாற்றி வரையும் படம். அதே நாளில் ஆஸ்திரேலியாவில் திறந்தவர்கள் கண்டது, பறித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளை நினைத்து வறண்ட நிலத்தில் அழுதுகொண்டிருக்கும் ஒரு பூர்வகுடித் தாயை. அங்கே அது ஆஸ்திரேலிய தினம். 1788-இல் பிரித்தானியக் கப்பல் தொகுதி சிட்னியில் வந்திறங்கிக் கொடி நாட்டிய நாள். பூர்வகுடிகளில் பலர் அதைப் படையெடுப்பு நாள் என்கிறார்கள். ஒரே நிறுவனம், ஒரே தேதி. ஒரு நாட்டில் அரசின் பெருமிதத்தை வரைந்தது, இன்னொரு நாட்டில் அரசு இழைத்த கொடுமையை.

உலகத் தொழில்நுட்ப நிறுவனங்கள் தேசிய நாட்களைக் கொண்டாடுவதிலும் விட்டுவிடுவதிலும் அரசியல் சார்பு காட்டுகின்றனவா என்ற வழக்கில், இந்த இரண்டு படங்களைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. வழக்கமாகக் கூண்டில் ஏற்றப்படும் சாட்சிகள் வேறு. பெரும்பாலும் அமெரிக்க வலதுசாரிகள் திரட்டியவை. முதலில் அவற்றை விசாரித்துவிடலாம்.

2013 மார்ச் 31 ஈஸ்டர் ஞாயிறு. அன்று கூகுள் வரைந்தது விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் முகத்தை. இயேசுவை இறக்கிவிட்டுத் தொழிற்சங்கக்காரரை ஏற்றிவிட்டார்கள் என்று பலர் கொதித்தார்கள். அது சாவேஸின் பிறந்தநாள். ஆண்டுக்கு ஆண்டு நகரும் ஈஸ்டர்தான் அந்த ஆண்டு அதன்மேல் வந்து விழுந்தது. 2000-இல் ஒருமுறை ஈஸ்டருக்கு வரைந்த கூகுள், இடைப்பட்ட ஆண்டுகளில் வரையவும் இல்லை. ஏற்றாத ஒன்றை எப்படி இறக்க முடியும்? குற்றச்சாட்டு இந்த அளவில் நிற்காது. ஆனால் 2018-இல் இதே புகார் மறுபடி எழுந்தபோது நிறுவனம் சொன்ன பதில் அதன் தரப்பையே பலவீனமாக்கியது. மதப் பண்டிகைகளுக்கு வரைவதில்லை, மதத்தில் பிறந்து பொதுவிழாவாக வளர்ந்த காதலர் தினம், ஹோலி போன்றவற்றுக்கு வரைவதுண்டு என்றது. ஹோலி மதத்தை உதிர்த்துவிட்டது, ஈஸ்டர் இன்னும் உதிர்க்கவில்லை என்று அளந்து பார்த்தவர் யார்? முட்டைக்குச் சாயம் பூசுவதும் முயல் பொம்மை வாங்குவதும் எந்தச் சபையின் சடங்கு? இழுத்த இழுப்புக்கெல்லாம் வருகிற விதியை விதி என்று ஏற்க முடியாது.

2007-இல் எழுந்த புகார் இதைவிடக் கனமானது. அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோளுக்கு ஐம்பது வயதானதைக் கூகுள் தன் எழுத்துகளில் கொண்டாடியது. போரில் மாண்ட அமெரிக்க வீரர்களுக்கான நினைவு நாளோ, முன்னாள் படைவீரர் நாளோ அதுவரை அப்படி இடம்பெறவில்லை. எங்கள் டூடுல்கள் விளையாட்டுத்தனமானவை, துக்க நாளின் கனத்தை அவற்றால் தாங்க முடியாது என்று நிறுவனம் காரணம் சொன்னது. நியாயமான காரணம்தான். பயணம் போகிறோம், அலுவலகத்தில் இல்லை என்று சொல்ல நிறுவனர்கள் இருவரும் 1998-இல் செய்த வேடிக்கையில்தானே டூடுல் பிறந்தது. ஆனால் சில வாரங்களிலேயே, முன்னாள் படைவீரர் நாளான நவம்பர் 11 அன்று, எழுத்துகளுக்குப் படைவீரர் தலைக்கவசம் மாட்டிவிட்டார்கள். தான் சொன்ன காரணத்தைத் தானே பொய்யாக்கியது நிறுவனம். இதிலிருந்து கூகுளுக்குப் படைவீரர்கள்மீது வெறுப்பு என்று முடிவுகட்ட முடியாது. சத்தம் கேட்டால் வளையும் என்பது தெரிகிறது.

புகார்ப் பட்டியலில் பதரும் உண்டு. 2014 ஜூன் 6, இரண்டாம் உலகப் போரின் நார்மண்டி தரையிறக்கத்தின் எழுபதாம் ஆண்டு நாளில், கூகுளின் பிரிட்டன் முகப்பில் ஜப்பானிய 'கோ' ஆட்டக்காரர் ஷூசாகுவின் பிறந்தநாள் படம் வந்துவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்று மன்னிப்புக் கேட்டார்கள். இதைச் சதி என்பவர்களோடு வாதிட நேரமில்லை. டூடுல்கள் ஐயாயிரத்துக்கும் மேல்; நாட்டுக்கு நாடு வேறு வேறு. அந்தக் குவியலிலிருந்து எந்தக் கட்சிக்காரரும் தமக்கு வேண்டிய அவமானத்தைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

2025 பிப்ரவரியில் புகார் எதிர்த்திசையிலிருந்து வந்தது. கூகுள் நாட்காட்டியில் கறுப்பின வரலாற்று மாதம், பால்புதுமையினரின் பெருமித மாதம் முதலியவை தாமாகத் தென்படுவது நின்றுபோனது. டிரம்ப்புக்கு அடிபணிந்துவிட்டது என்றார்கள். தேதி இந்த வாதத்துக்கு உதவவில்லை. மாற்றம் நடந்தது 2024-இன் நடுவில், தேர்தலுக்கு முன்பே என்கிறது நிறுவனம். உலகம் முழுவதற்கும் நூற்றுக்கணக்கான நாட்களைக் கையால் சேர்த்துப் பராமரிக்க முடியவில்லை, இனி பொது விடுமுறைகளும் தேசிய அனுசரிப்புகளும் மட்டுமே என்பது அதன் விளக்கம்.

அரசு அறிவித்ததைப் போடுகிறோம் என்பது நடுநிலைபோலத் தோன்றும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் அனுபவம் உண்டு. 2008-இல் சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றினார்கள். 2011-இல் இன்னொரு ஆட்சி அதை ரத்துசெய்து சித்திரைக்கே கொண்டுபோனது. அரசைப் பின்பற்றுகிற நாட்காட்டி இந்த மூன்றாண்டுகளில் இரண்டு கட்சிகளையும் பின்பற்றியாக வேண்டும். கூகுள் நாட்காட்டி மாறிய செய்தி பரவிய அதே 2025 பிப்ரவரியில், அரசுப் பதிவேட்டின்படிதான் செய்கிறோம் என்று சொல்லி மெக்சிகோ வளைகுடாவை அமெரிக்கப் பயனர்களுக்கு 'அமெரிக்க வளைகுடா' ஆக்கியது கூகுள். மெக்சிகோவில் பழைய பெயர், மற்ற நாடுகளில் இரண்டும். ஊருக்குத் தக்க வேடம்.

மைக்ரோசாஃப்ட்டின் பிங் தேடுபொறி இன்னும் கடுமையான சான்று. 2021 ஜூன் 4, தியனன்மென் படுகொலையின் ஆண்டு நாள். டாங்கிகளை மறித்து நின்ற அந்த மனிதரைக் குறிக்கும் 'டாங்க் மேன்' என்ற சொல்லைத் தேடியவர்களுக்கு, சீனாவுக்கு வெளியிலும், ஒரு படமும் கிடைக்கவில்லை. தற்செயலான மனிதத் தவறு என்றது நிறுவனம். தவறாகவே இருக்கட்டும். சீனாவுக்காக வடிகட்டிப் பழகிய நிறுவனத்தில் அந்தத் தவறு அந்த நாளில் அந்தச் சொல்லுக்கு நேர்ந்தது.

இனி அந்த ஜனவரி 26. ஆஸ்திரேலியப் படத்தை வரைந்தவர் கான்பெராவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி, கூகுள் நடத்திய போட்டியின் வெற்றியாளர். ஆனால் எந்த நாளில் வெளியிடுவது என்பது அவர் கையில் இருந்ததில்லை. ஆகவே அதைத் துணிச்சலான முடிவு என்று சொல்லத் தோன்றும். 2008 பிப்ரவரியில் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் எழுந்து, குடும்பங்களிடமிருந்து அரசு பறித்த அந்தப் பூர்வகுடிப் பிள்ளைகளிடம், 'திருடப்பட்ட தலைமுறைகளிடம்', மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் துணிச்சலின் அளவு குறைகிறது. அரசே ஒப்புக்கொண்ட துயரத்தை எட்டு ஆண்டுகள் கழித்து நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலும் அந்தத் தேதி எப்போதும் கொண்டாட்டமாக மட்டும் இருந்ததில்லை. 1965 ஜனவரி 26-ஐ, இந்தி ஒற்றை ஆட்சிமொழி ஆகவிருந்த நாள் என்பதால், துக்க நாளாக அறிவித்தது தி.மு.க. அந்த நினைவு முகப்புப் பக்கத்துக்கு வராது. டெல்லி அதற்காக மன்னிப்புக் கேட்டதில்லை.

சார்பு உண்டு என்பதே என் தீர்ப்பு. ஆனால் இடது, வலது என்று புகார்தாரர்கள் சுட்டும் இடத்தில் அது இல்லை. தேசிய நாட்களில் அரசு முத்திரை குத்திய பெருமிதமும் அரசு முத்திரை குத்திய வருத்தமும் மட்டுமே முகப்புக்கு வருகின்றன. மற்றவை வர, யாராவது நிறுவனம் அஞ்சும் அளவுக்குச் சத்தம்போட வேண்டியிருக்கிறது. வரைந்த டூடுல்களையெல்லாம் கூகுள் ஒரு காட்சியகமாக அடுக்கி வைத்திருக்கிறது. எந்தெந்த நாட்களைப் பரிசீலித்து எதற்காக ஒதுக்கியது என்ற பட்டியல் அதில் இல்லை. அந்தப் பட்டியல் வெளிவரும்வரை, நாங்கள் நடுநிலை என்ற அதன் வாதத்தை நான் ஏற்கப்போவதில்லை.