கூலி: ஒரு சொல்லின் கடற்பயணம்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் வழியில் உள்ள ஊர் தெலுக் பங்லிமா காராங். தெலுக் என்பது வளைகுடா. பங்லிமா என்பது படைத்தலைவன். காராங் என்பது சீற்றம் மிக்கவன். ஊரின் பெயரில் வீரன் ஒருவன் நிற்கிறான். ஆனால், இவ்வூரையும் அடுத்துள்ள கேரித் தீவையும் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு அயலார் இட்ட பெயரோ 'கூலி' என்பது. அப்பெயரின் பிறப்பு ஆராயத்தக்கது.

தமிழில் கூலி என்பது ஆளன்று, உழைப்புக்குரிய ஊதியம். திருக்குறளின் 619ஆம் குறளில் இச்சொல் முயற்சியின் பயனைக் குறித்து நிற்கிறது. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றிலும் ஊதியம் என்னும் பொருள் உண்டு. உழைப்பவனைச் சுட்ட வேண்டின் கூலியாள், கூலிக்காரன் என வேறு சொல் ஆக்குவதே தமிழ் மரபு.

கடல் கடந்த கூலியின் நிலை வேறு. மலாய் மொழியில் கூலி என்பது சுமை தூக்குபவன். ஊதியத்துக்கு அங்கு 'ஊப்பா' என்னும் சொல் உண்டு. அங்கேரிய மொழியிலும் கூலி என்பது கீழ்நிலைத் தொழிலாளியே. மாடாய் உழைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லும் அதிலிருந்து தோன்றியுள்ளது. வியட்நாமிய மொழிக்கு இச்சொல் பிரெஞ்சு வழியாகச் சென்றது. சீனர் இதனைக் 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துகளால் எழுதினர். ஒலியும் பொருந்திற்று, துயரமும் பொருந்திற்று.

இவையனைத்தும் தமிழின் கொடை என உடனே முடிவு கட்டுவோர் உளர். அது பொருந்தாது. ஒலி ஒப்புமை ஒன்றே சான்றாகாது. வியட்நாமிய மொழியில் இதே ஒலியுடைய சொல் தேவாங்கையும் குறிக்கிறது. அதனால் தேவாங்கைத் தோட்டத் தொழிலாளியோடு உறவாக்க முடியுமா? மேலும், குசராத்துப் பகுதியின் கோலி என்னும் இனப்பெயரிலிருந்தே இச்சொல் பிறந்தது என்பாரும் உளர். 1886இல் வெளிவந்த ஆப்சன் ஜாப்சன் அகராதி அக்கருத்தின் பக்கமே சாய்ந்தது. எனினும் தமிழ்க் கூலியையும் அது விட்டுவிடவில்லை.

இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. இரண்டிலும் பொருள் மாறவில்லை. வணிகர் வாய்வழிச் சென்ற சொற்கள் அவை. கூலியோ ஊதியத்தை இழந்து ஆளாக மாறியே எங்கும் காணப்படுகிறது. எனவே, ஐரோப்பியரின் வழக்கில் பொருள் திரிந்த பின்னரே இது பல நாடுகளுக்கும் பரவியது எனக் கொள்ள இடமுண்டு. கோலி என்னும் இனப்பெயரும் கூலி என்னும் ஊதியப்பெயரும் அவ்வழக்கில் ஒன்றாய்க் கலந்திருத்தலும் இயல்பே.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது; கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் நின்றது. சொல் மட்டும் வசையாய் எஞ்சியது. பாட்டன் கூலியாக வந்தான் என்று கூற நாணும் மாணவனுக்குத் தமிழாசிரியர் உணர்த்த வேண்டுவது ஒன்றுண்டு. கூலி என்பது அவனுடைய பாட்டனின் பெயரன்று. பாட்டனுக்குச் சேர வேண்டிய உரிமையின் பெயர். உரிமையைக் குறித்த சொல்லை இழிபெயராக்கியது வேற்றார் வழக்கு. அதனை மீண்டும் தன் பொருளில் நிறுத்துவது தமிழ் வகுப்பறையின் கடன்.